இடக்கைத் துடுப்பாட்டக்காரிக்குச் சாமான் வாங்கப் போனால்

கடையின் பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால். யாழ். பஸ் நிலையத்துக்குக் கிட்டவுள்ள விளையாட்டுச் சாமான் கடை என்றால் கிரிக்கெட் விளையாடும் வீட்டுக்காரர் பலருக்கு விளங்கும். என் பெறாமகள் மென்பந்தை விட்டுக் கடினப்பந்துக்கு மாறுகிறாள், இடக்கைத் துடுப்பாட்டம், அதனால் துடுப்பு, கையுறை, கால்காப்பு, பந்து எல்லாமே வாங்க வேண்டியிருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். துடுப்பு விசயத்தில் கடைக்கார அண்ணை கெட்டிக்காரர். பிள்ளை பெரிய அளவுதான் வேண்டுமென்று நின்றாள், அவர் அவளை நிமிர்ந்து நிற்கவைத்து அளந்து பார்த்து, ஆறாம் நம்பர் போதும், பாரம் கூடினால் தோள்தான் போகும் என்று சொல்லிக் காஷ்மீர் வில்லோ மரத் துடுப்பு ஒன்றை எடுத்துத் தந்தார். விலை கூடின இங்லிஷ் வில்லோவை எங்கள் தலையில் கட்டப் பார்க்கவில்லை. எண்ணெய் எப்படிப் பூசுவது, மரச் சுத்தியலால் எப்படித் தட்டிப் பழக்குவது என்றும் பொறுமையாகக் காட்டினார். ஒரு தவணை முழுக்க அடித்தும் விளிம்பு பிளக்கவில்லை.

கையுறையில்தான் பிரச்சினை. இடக்கைச் சோடி ஒன்றுகூட இல்லை. "வலக்கைச் சோடியே காணும், பொம்பிளைப் பிள்ளைதானே" என்றார். கீழே பிடிக்கிற கையின் விரல்களுக்குத்தான் கூடுதல் காப்பு வைத்துத் தைப்பார்கள். வலக்கைக்காரரின் சோடியை இடக்கைப் பிள்ளை போட்டால் அந்தக் காப்பு மேல் கைக்குப் போய்விடும், அடி விழுவதோ கீழ்க் கை விரலில். இது அவருக்குத் தெரியாமலா?

பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "சமரி அத்தபத்துவும் இடக்கைதானே அங்கிள்" என்று இலங்கை மகளிர் அணியின் துடுப்பாட்டக்காரியைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் பொம்பிளைச் சாமான் விற்காது என்றார். அந்தக் கதைதான் எனக்குப் பொறுக்கவில்லை, ஏனென்றால் சமரியையும் ஒரு காலத்தில் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். 2017 உலகக் கிண்ணத்தில், பிரிஸ்டலில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தனியாளாக ஆட்டமிழக்காமல் 178 அடித்தார், இலங்கை எடுத்த மொத்தமே 257. அவுஸ்திரேலியாவின் மெக் லானிங் 152 அடித்து ஆட்டத்தைத் தட்டிப்பறித்துக்கொண்டு போனார் என்பது வேறு கதை. அப்படிப்பட்டவரை 2023 இல் இந்திய மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் ஒரு அணியும் எடுக்கவில்லை. அதே வருசம் சிட்னி தண்டர் அணிக்குப் போய் அவுஸ்திரேலிய மகளிர் பிக் பாஷில் தொடரின் சிறந்த வீராங்கனையானார், 2023 இன் சிறந்த ஒருநாள் வீராங்கனை என்று சர்வதேச கிரிக்கெட் சபை (ஐசிசி) விருதும் கொடுத்தது. 2024 ஏப்ரலில் பொச்செஃப்ஸ்ட்ரூமில் தென்னாப்பிரிக்கா வைத்த 302 என்ற இலக்கை விரட்டிப் பிடித்தபோது ஆட்டமிழக்காமல் 195, அதுவும் 139 பந்தில். பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை அவ்வளவு பெரிய இலக்கை ஒரு அணியும் எட்டவில்லை. மூன்று மாதம் கழித்துத் தம்புள்ளையில் ஆசியக் கிண்ண இறுதியாட்டம், இந்தியாவின் 165 ஐத் துரத்திப் பிடிக்கச் சமரி 61, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69. அன்றைக்கு எங்கள் வீட்டு ரீவிக்கு முன்னால் இருக்க இடமில்லை.

கடைச் சுவரில் சுழற்பந்து வீச்சாளர் வியாஸ்காந்தின் படம் இருக்கிறது. சரி, யாழ். மத்திய கல்லூரிப் பிள்ளை, இருக்கத்தான் வேண்டும். பக்கத்தில் சமரியின் படம் ஒன்றை மாட்ட எவ்வளவு செலவாகும்?

பந்திலும் ஒரு குறை. அங்கே இருப்பது எல்லாம் 156 கிராம், ஆண்களின் பந்து. பெண்களின் பந்து 140 இலிருந்து 151 கிராம் வரைதான், சுற்றளவும் குறைவு. கேட்டால் "எல்லாம் ஒன்றுதான்" என்கிறார். ஒன்றில்லை அண்ணை, சின்னக் கையால் சுழற்பந்து போடுகிற பிள்ளைக்கு நல்லாய் வித்தியாசம் தெரியும்.

கால்காப்பு பரவாயில்லை, வார் மட்டும் கொஞ்சம் மெல்லிசு. விலை கொழும்பைவிடச் சற்றுக் கூட, ஆனால் போக்குவரத்துச் செலவைப் பார்த்தால் அதைப் பெரிசாய்ச் சொல்லமாட்டேன்.

துடுப்புக்கு ஐந்தில் நாலரை, மற்றதுக்கெல்லாம் சேர்த்து இரண்டு. பையனுக்கு என்றால் யோசிக்காமல் போங்கள். இடக்கைக் கையுறையோ பெண்களின் பந்தோ வேண்டுமென்றால் போக முன்னம் போன் எடுத்துக் கேளுங்கள், எடுப்பித்துத் தருவேன் என்று முற்பணம் கேட்டால் எப்போது வரும் என்று துண்டில் எழுதி வாங்குங்கள். நாங்கள் கையுறையைக் கடைசியில் கொழும்பிலிருந்துதான் எடுப்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு.