டென்ட் வாடகைக்கு எடுக்கிறவர்கள் கவனிக்கவும்: எங்கள் 9,400 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. டெல்லியில் இருக்கும் நம் ஆட்கள் வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன்.

ஜூன் முதல் வாரம் நானும் தம்பியும் கரேரி ஏரிக்குப் போனோம். தரம்சாலா பக்கம், தௌலாதார் மலையில், சுமார் 2,900 மீட்டர் உயரம். அங்கே பருவமழை தொடங்க ஜூன் கடைசி ஆகும். அதற்கு முன்பே மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும் வரும் என்று தெரியும். அதனால்தான் மழை தாங்கும் டென்ட் தேடி, மலையேறும் சாமான்களை வாடகைக்கு விடும் ஒரு கடைக்குப் போனோம். தெற்கு டெல்லியில், மாடியில் இருக்கும் சின்னக் கடை.

நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் கடைக்காரர் "வணக்கம்" என்றார். சென்னையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாராம். டீ வரவழைத்தார். டென்ட்டை விரித்து, ஒரு பாட்டில் தண்ணீரை நடுத்துணியில் ஊற்றிக் காட்டினார். முத்து முத்தாக உருண்டு ஓடியது. பில் கேட்டேன். "தீதி (அக்கா), உங்கள் ஊர்க்காரர்களை நான் நம்புகிறேன். நீங்கள் என்னை நம்ப மாட்டீர்களா?" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. டென்ட், இரண்டு ஸ்லீப்பிங் பேக், இரண்டு ரெயின்கோட். வாடகை 3,400, முன்பணம் 6,000. மொத்தம் 9,400 ரூபாய், அங்கேயே போனில் அனுப்பினேன்.

கரேரி கிராமத்திலிருந்து ஓடையை ஒட்டி ஏறி, ஏரிக்கரையில் டென்ட் போட்டோம். இருட்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் தம்பியின் நெற்றியில் சொட்டு. டார்ச் அடித்துப் பார்த்தேன். தையலை மூடி உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டிய டேப், உரிந்த தோல் மாதிரி சுருண்டு தொங்கியது. துணியின் உள்பூச்சு விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது, புளித்த நாற்றம் வேறு. ஈரத்தோடு மடித்துப் போட்டுவைத்தால் அந்தப் பூச்சு இப்படித்தான் கெட்டுப்போகுமாம். அந்த ஆள் தண்ணீர் ஊற்றியது நடுத்துணியில். தையல் பக்கம் பாட்டிலைக் கொண்டுபோகவே இல்லை!

ஸ்லீப்பிங் பேக்குகள் இறகு அடைத்தவை. நனைந்ததும் இறகெல்லாம் கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது, சூடே இல்லை. தம்பிக்குப் பல் கிட்டிப்போய்ப் பேச்சு குழறியபோது நான் பயந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆட்டிடையர் ஒருவர்தான் எங்களைத் தன் கல்குடிசைக்குக் கூட்டிப்போய், கம்பளி போர்த்தி, அடுப்புப் பக்கம் உட்கார வைத்தார். ஒரு பைசா வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

திரும்பி வந்து சாமானை ஒப்படைத்தபோது, "முதலாளி ஊரில் இல்லை, நாளைக்கு முன்பணம் வந்துவிடும்" என்றார் கடைக்காரர். இத்தனை நாள் அவரே முதலாளி மாதிரிதான் பேசினார். மறுநாள் போனை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள், "டென்ட் தரையில் ஓட்டை, அதற்கே 6,000 சரியாப் போச்சு" என்று ஒரு மெசேஜ். ஓட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்துவிட்டுப் பதில் இல்லை. நேற்று நேரில் போனால், "பில் இருக்கிறதா?" என்று கேட்கிறார். பில் வேண்டாம் என்று சொன்னதே அவர்தானே! டீ வாங்கிக் கொடுத்த அதே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். 9,400 ரூபாய், என் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் அனுப்பிய ஆதாரம் ஒன்றுதான் கையில் இருக்கிறது.

வாடகைக்கு எடுக்கிறவர்கள் டென்ட்டை உள்பக்கம் திருப்பி ஒவ்வொரு தையலையும் பாருங்கள். தண்ணீரைத் தையல் மேல் ஊற்றச் சொல்லுங்கள். வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் வீடியோ எடுங்கள். பில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், தம்பி இருமுகிறான், கஷாயம் வைக்கப் போகிறேன்.