சிங்கள மூலம் இடப்பக்கம், தமிழ் வலப்பக்கம்: விண்டோஸ் 11 ஸ்னாப், ஒரு வருடப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்புச் செய்கிறேன். பிறப்பு, விவாகப் பதிவுகளும் காணி உறுதிகளும்தான் அதிகம். ஸ்கேன் செய்த சிங்களப் பத்திரம், வேர்ட், அகராதி, பெயர் எழுத்துகளை அனுப்பிய வாட்ஸ்அப் என்று எல்லாம் திறந்தபடியே இருக்க வேண்டும்.

முன்பு ஆல்ட், டாப் (Tab) விசைகளை அழுத்தி மாறி மாறிப் பார்ப்பேன். அப்படி ஒருநாள், மூதூரிலிருந்து வந்த ஒரு அம்மாவின் பத்திரத்தில் 1968ஐ 1986 என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். பாவம், திரும்பவும் பஸ் ஏறி வந்தார். அன்றிலிருந்து மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைக்காமல் ஒரு வரிகூட அடிப்பதில்லை.

விண்டோஸ் விசையோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் விண்டோ பாதித் திரையில் போய் ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் ஸ்னாப் என்கிறார்கள், 2009இல் விண்டோஸ் 7லேயே வந்துவிட்டது. 2021இல் வந்த 11இல் எனக்குப் பிடித்தது வேறு: ஒட்டிய இரண்டையும் ஒரு சோடியாக ஞாபகம் வைத்திருக்கிறது. இடையில் வாட்ஸ்அப் பார்த்துவிட்டு, டாஸ்க்பாரில் வேர்ட் படத்தின் மேல் மவுஸை வைத்துச் சோடியைத் தெரிவு செய்தால் இரண்டும் சேர்ந்தே மேலே வரும். எந்தப் பத்திரத்தில் நின்றேன் என்று தேட வேண்டியதில்லை. 1985இல் வந்த முதல் விண்டோஸில் விண்டோக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறவே முடியாது, பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். 1987இல்தான் அது மாறியது. என் வேலைக்கு அந்தப் பழைய ஒழுங்குதான் சரி.

ஆனால் ராம், அதாவது திறந்திருப்பவற்றைக் கணினி வைத்திருக்கும் தற்காலிக நினைவகம், வேண்டும். 11க்குக் குறைந்தது 4 ஜிபி போதும் என்கிறார்கள். என்னிடமும் அதுதான் இருந்தது, மடிக்கணினி திணறியது. பின்னால் மறைந்திருக்கும் விண்டோவும் ராமில் இடம் பிடிக்கும். இடம் போதாவிட்டால் சிலதை டிஸ்க்கில் எழுதிவைத்து, கேட்கும்போது எடுத்து வரும். அந்தப் போய்வருதல்தான் தாமதம். என்.சி. வீதியில் ஒரு கடையில் 8 ஜிபி ஆக்கிய பிறகு அகராதி உடனே திறக்கிறது.

குறையும் உண்டு. மறுதொடக்கம் செய்தால் சோடி கலைந்துவிடும், காலையில் திரும்ப ஒட்ட வேண்டும். அப்புறம், 14 அங்குலத் திரையை நான்காகப் பிரித்தால் பழைய உறுதியின் கையெழுத்து வாசிக்க முடியாது. இரண்டுக்கு மேல் பிரிக்க வேண்டாம். இன்னொருவரின் வேலை இடையில் வந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், டி (D) விசைகளை அழுத்திப் புது டெஸ்க்டாப் ஒன்றை, அதாவது தனியான இன்னொரு வெற்றுத் திரையை, திறந்து அதில் வையுங்கள். ஒருவருடைய பெயர் மற்றவருடைய பத்திரத்துக்குள் போகாது.