எடைமேடையில் லினக்ஸ் பிரிட்ஜ்: அந்த 30 நொடி

ஆரியங்காவில் கடையும் நாலைந்து தங்கும் அறைகளும் வைத்திருக்கும் என் மச்சினன் போனில் கேட்டான்: "அத்தான், பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் பிரிட்ஜ் போட்டு ஓட்டுதியளே, நானும் அப்படிப் பண்ணட்டுமா?" போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஒரு கம்ப்யூட்டரின் பல லேன் போர்ட்டுகளை மென்பொருளால் ஒன்றாகக் கட்டி, அதையே ஸ்விட்ச் போல ஆக்குவதுதான் லினக்ஸ் பிரிட்ஜ். அதை எப்படி உருவாக்குவது, நெட்வொர்க் கார்டுகளை எப்படிச் சேர்ப்பது என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும். சாரல் காலத்தில் வருஷக்கணக்காக இதை ஓட்டிப் பார்த்ததில் எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக ஒரே ஒரு தொந்தரவைப் பற்றி.

எங்கள் எடைமேடை செங்கோட்டை ரோட்டில், புளியரை சோதனைச்சாவடிக்கு முன்னால். காய்கறி, எம் சாண்ட், வைக்கோல் என்று கேரளா போகும் லாரிகள் ஏறி இறங்கும். எடைச் சீட்டில் எடையோடு முன் கேமரா படம், பின் கேமரா படம் இரண்டும் அச்சாக வேண்டும். நாலு லேன் போர்ட் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு சர்வர். ஒரு போர்ட் ரவுட்டருக்கு, ஒன்று கம்பத்தில் இருக்கும் கேமரா ஸ்விட்சுக்கு, ஒன்று சீட்டுப் போடும் கம்ப்யூட்டருக்கு, ஒன்று சும்மா. நாலையும் உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளான் வழியாக ஒரே பிரிட்ஜில் கட்டியிருக்கிறேன்.

ஸ்விட்ச் ஒன்று வாங்கிப் போட்டால் தீர்ந்ததே என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேமராக்கள் என் அனுமதி இல்லாமல் வெளி இணையத்துக்குப் பேசக்கூடாது, அதுதான் காரணம். பிரிட்ஜ் என்றால் யாருடைய ஐபி முகவரியையும் மாற்ற வேண்டாம், நடுவில் உட்கார்ந்து வடிகட்டலாம். லினக்ஸின் வடிகட்டும் கருவியான என்எஃப்டேபிள்ஸில் பிரிட்ஜுக்கென்றே தனி வகை விதி அட்டவணை உண்டு. 2019-இல் வந்த 5.3 கர்னலிலிருந்து (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி), யார் முதலில் பேச்சைத் தொடங்கினார்கள் என்று இணைப்பின் நிலையைப் பார்த்து வடிகட்டுவதும் பிரிட்ஜிலேயே முடிகிறது. சீட்டுக் கம்ப்யூட்டர் கேட்டால் கேமரா பதில் சொல்லலாம். கேமரா தானாக வெளியே போக முயன்றால் கதவு மூடியிருக்கும். இந்த வேலையை இது அப்பழுக்கில்லாமல் செய்கிறது. எந்த எம்ஏசி முகவரி (ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்ற பட்டியலையும் ஒரே கட்டளையில் காட்டும். கேமரா ஒன்று செத்துவிட்டதா, கேபிள்தான் போனதா என்று கம்பம் ஏறாமலே எனக்குத் தெரிந்துவிடும். மழையில் இதன் அருமை பெரிது.

சரி, தொந்தரவுக்கு வருகிறேன். நெட்பிளானில் பிரிட்ஜ் உருவாக்கினால், நாம் வேண்டாம் என்று சொல்லாத வரை எஸ்டிபி என்கிற ஸ்பானிங் ட்ரீ இயங்கும். கேபிள் வளையமாகிவிட்டால் அதைக் கண்டுபிடித்து ஒரு வழியை அடைக்கும் முறை அது. ஈத்தர்நெட்டில், அதாவது கேபிள் நெட்வொர்க்கில், போகும் தகவல் பொட்டலத்துக்கு ஆயுள் வரம்பு கிடையாது, வளையம் விழுந்தால் ஓயாமல் சுற்றி மொத்த நெட்வொர்க்கையும் முடக்கிவிடும். அதனால் இணைப்பு உயிர் பெறும் ஒவ்வொரு முறையும் பிரிட்ஜ் அந்தப் போர்ட்டை உடனே திறக்காது. 15 நொடி கவனிக்கும், 15 நொடி முகவரிகளைக் கற்கும், அதற்கு அப்புறம்தான் பொட்டலத்தை விடும்.

சாரல் நேரத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போவதில்லை, வெட்டி வெட்டி வரும். கேமராக்கள் பேட்டரியில் ஓடுகின்றன, அணைவதே இல்லை. ஸ்விட்சுக்கு வோல்டேஜ் வேறு என்பதால் அது மட்டும் நேர் லைனில். ஒரு சிமிட்டலில் அணைந்து உடனே எழுந்தும்விடுகிறது. பிரிட்ஜ்தான் 30 நொடி வாயைத் திறக்காது. மேடையில் லாரி நிற்கும், எடை தெரியும், படம் வராது, சீட்டு அடிக்காது. பின்னால் ஆரன் அடிப்பார்கள். "என்ன அண்ணாச்சி, இன்னுமா?" என்று டிரைவர் இறங்கி வருவார். 30 நொடி படிக்கச் சின்னதாக இருக்கும். மழையில் அதை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப அனுபவித்தால் ரத்தம் கொதிக்கும்.

இந்த முறையை 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கியவர் ரேடியா பெர்ல்மன். அவர் மீது எனக்கு மரியாதை மட்டும்தான். ஹலோ நேரம் (பிரிட்ஜ் தன் செய்தியை அனுப்பும் இடைவெளி) 2, அதிகபட்ச வயது (வந்த செய்தி செல்லுபடியாகும் நேரம்) 20, காத்திருப்பு 15 என்ற அந்த நொடிக் கணக்குகள் வரிசையாக 7 பிரிட்ஜ் வரை உள்ள நெட்வொர்க்குக்குப் போட்டவை. என்னிடம் இருப்பது ஒன்று! விரைவாக இயங்கும் ஆர்எஸ்டிபி 2001-இலேயே வந்தது, 2004-இல் தரங்களை வகுக்கும் அமைப்பான ஐஈஈஈ பழையதை எடுத்துவிட்டு இதைத் தரத்துக்குள் வைத்தது. லினக்ஸ் கர்னலுக்குள் இருப்பது இன்னும் பழையதுதான். புதியது வேண்டுமென்றால் எம்எஸ்டிபிடி என்று தனி நிரலை நிறுவிப் பராமரிக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலை கர்னலுக்கு வெளியே இருப்பதே நல்லது என்பார்கள், அதில் நியாயம் உண்டு. எடைமேடை வைத்திருப்பவன் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

எஸ்டிபியை அணைத்துவிட்டால் காத்திருப்பே இல்லை. பலரும் அதைத்தான் சொல்கிறார்கள், எனக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் போன மழையில் கேமரா மாட்ட வந்த பையன், சும்மா தொங்கிய கேபிளைக் கண்டு, வேலை செய்யட்டும் என்று கேமரா ஸ்விட்சில் சொருகிவிட்டுப் போனான். அதன் மறுமுனை பிரிட்ஜின் காலிப் போர்ட்டில் இருந்தது. அசல் வளையம். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சீட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ராத்திரி கம்ப்யூட்டரின் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் அந்தப் போர்ட்டை பிரிட்ஜ் அடைத்து வைத்திருப்பது தெரிந்தது. எஸ்டிபி இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு மேடையையே மூடியிருப்போம். அதற்கு அப்புறம் அணைக்கும் பேச்சே இல்லை. ஒன்று கவனியுங்கள்: இது வேலை செய்தது, பிரிட்ஜ் அனுப்பும் எஸ்டிபி பொட்டலத்தை என் சாதாரண ஸ்விட்ச் அப்படியே கடத்தியதால். சில ஸ்விட்ச்கள் அதைக் கடத்தாது.

நடுவழி ஒன்று உண்டு. காத்திருப்பு நேரத்தைக் குறைக்கலாம், ஆனால் இஷ்டத்துக்குக் குறைக்கக்கூடாது. காத்திருப்பிலிருந்து 1 கழித்து இரட்டித்தால் வருவது அதிகபட்ச வயதுக்குக் குறையக்கூடாது. அந்த வயது, ஹலோ நேரத்தோடு 1 கூட்டி இரட்டித்ததற்குக் குறையக்கூடாது. ஹலோ 2, வயது 6, காத்திருப்பு 4 என்று வைத்தால் கணக்கு சரியாக நிற்கிறது. கவனிக்க 4, கற்க 4 என்று 30 நொடி 8 நொடியாகிறது. நெட்பிளானில் நொடியாகவே எழுதலாம். ஐபி என்ற லினக்ஸ் கட்டளையில் மாற்றினால் நொடியின் நூறில் ஒரு பங்குதான் அலகு, 4 நொடிக்கு 400 என்று கொடுக்க வேண்டும். வெறும் 4 கொடுத்தால் எல்லைக்கு வெளியே என்று திருப்பி அனுப்பும். இதில் பாதி நேரம் போய்விடும்.

8 நொடியும் எனக்கு அதிகம்தான், உண்மையைச் சொல்கிறேன்.

இன்னொன்று, ஒரே வரியில்: இடி விழுந்து கார்டு மாற்றினால் சில அமைப்புகளில் பிரிட்ஜின் எம்ஏசி முகவரியும் மாறலாம், ஏனென்றால் அதற்கென்று தனி முகவரி வைக்காவிட்டால் சேர்ந்த கார்டுகளில் மிகச் சிறிய முகவரியை அது எடுத்துக்கொள்ளும். ரவுட்டரில் முகவரி ஒதுக்கி வைத்திருப்பவர்கள் பிரிட்ஜுக்கு எம்ஏசியைக் கையால் எழுதிவிடுங்கள்.

இனி மச்சினனுக்கு. உன் கடைக்கும் அறைகளுக்கும் நடுவில் வைஃபை இருக்கிறது. வைஃபையில் போய்ச் சேரும் சாதாரணக் கார்டை பிரிட்ஜில் சேர்க்கப் பார்த்தால் கர்னல் மறுக்கும், பொட்டலத்தில் நான்கு முகவரி வைக்கும் முறையை இரண்டு முனையும் ஏற்றால்தான் நடக்கும். உன் கேமராக்களும் எண்ணி மூன்று. நீ வளையத்தைக் கண்டுபிடிக்கும் வசதியுள்ள நல்ல ஸ்விட்ச் ஒன்று வாங்கிக்கொள். மேலே இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று நினைக்காதே. வடிகட்டுவதில் இதற்கு இணையான ஒன்றை இந்த விலையில் நான் பார்த்ததில்லை, எங்கள் மேடையிலிருந்து இதை எடுக்கவும் போவதில்லை. ஆனாலும் யாராவது போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் என் பதில். ஆர்எஸ்டிபி கர்னலுக்குள் வரட்டும், அன்றைக்குப் பதிலை மாற்றுகிறேன்.