மெத்தையில் விழுந்தால் அலறும், குளியலறையில் விழுந்தால் அலறாது: 14,800 ரூபாய் போயிற்று

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. 14,800 ரூபாய்! கழுத்தில் டாலர் போலத் தொங்கும் ஒரு கருவி. அம்மா கீழே விழுந்தால் அடுத்த நொடியே என் கைப்பேசிக்கு அழைப்பு வரும் என்று சொல்லி விற்றார்கள். அம்மாவுக்கு 78 வயது, கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். நான் சென்னையில்.

முதியோருக்கான சாதனங்கள் விற்கும் கடை. விற்பனையாளர் அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அங்கே கிடந்த மெத்தையில் தொப்பென்று விழுந்து காட்டினார். என் கைப்பேசி அலறியது. "கவலையை விடுங்கள் சார், இனி அம்மாவுக்கு நாங்கள் இருக்கிறோம்" என்றார் எழுந்திருக்காமலே. அவர் விழுந்ததைப் பார்த்து நானும் விழுந்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை விடியற்காலை அம்மாவுக்குக் குளியலறையில் தலைசுற்றல். சுவரைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. கருவி கழுத்தில்தான் இருந்தது, வாயே திறக்கவில்லை. அதிலிருந்த அவசரப் பொத்தானையும் அழுத்திப் பார்த்திருக்கிறார், எனக்கு அழைப்பு வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பால்காரர் கதவைத் தட்டியபோதுதான் வெளியே தெரிந்தது. எலும்பு முறியாதது தெய்வாதீனம். இதே கருவி, அம்மா சோபாவில் சற்று வேகமாக உட்கார்ந்ததற்கு மூன்று முறை அலறி என் உயிரை வாங்கியது!

கடையில் கேட்டால், "தயாரித்த நிறுவனத்திடம் பேசுங்கள்." நிறுவனத்தில் கேட்டால், "மெதுவாகச் சரிந்தால் அது விழுந்த கணக்கில் வராது சார்." விழுவதற்கும் வேகக் கணக்கா? உள்ளே இருப்பது முடுக்கமானியாம், அதாவது வேக மாற்றத்தை அளக்கும் சில்லு. திடீர் வீழ்ச்சி, பலத்த மோதல், பிறகு அசைவின்மை என்று பார்த்துத்தான் முடிவு செய்யுமாம். மெத்தையில் குதித்தவர் இதை ஏன் சொல்லவில்லை? பொத்தான் என்ன ஆயிற்று? "குளியலறையில் சிக்னல் இருந்திருக்காது." பணம்? "ஏழு நாள் தாண்டிவிட்டது." அதன்பின் என் அழைப்பை எடுப்பதே இல்லை. 14,800 ரூபாய்க்கு இதுதான் மரியாதை.

வாங்குபவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், பொறுமையில்லை. கடை மெத்தையை நம்பாதீர்கள். வீட்டுக் குளியலறைக்குள் போய்ப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவரோரம் மெல்லச் சரிந்தும் பாருங்கள். பணம் திருப்பித் தரும் விதியை எழுத்தில் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, புகார் கொடுத்துவிட்டேன்.

நாளை குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்த ஆள் வருகிறார். கூலியோடு 1,800 ரூபாய் கேட்டார்.