டர்பன் வீடுகளில் ஃபைபர், டிஎஸ்டிவி, டேட்டா: ஒரே வேலைக்கு மூன்று பில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கூட்டுக்குடும்ப வீடுகளில் மாதம் பிறந்தால் போதும், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தமாகும் டெபிட் ஆர்டர்கள் வரிசைகட்டி ஓடும். ஃபைபர் இன்டர்நெட், டிஎஸ்டிவி என்ற சாட்டிலைட் டிவி, நெட்ஃப்ளிக்ஸ், ஆளுக்கொரு போன் கான்ட்ராக்ட். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் அநியாயமாகத் தெரியாது. சில வருடம் பயன்படுத்திய பிறகுதான் கணக்கு புரியும்: விலையேற்றம் ஒருபக்கம் இருக்க, ஃபைபர் ஏற்கெனவே செய்கிற வேலைக்கு இன்னும் இரண்டு இடத்தில் காசு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் வேகம். எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15 எம்பிபிஎஸ் என்பது நெட்ஃப்ளிக்ஸே சொல்லும் அளவு. ஹாலில் ஒரு 4கே டிவி, பாட்டி அறையில் சீரியல், பிள்ளைகள் கையில் இரண்டு போன், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 30-தான் வருகிறது. 50 எம்பிபிஎஸ் லைன் தாராளம். ஆனாலும் பலர் 100, 200 என்று ஏறியிருப்பதற்குக் காரணம் பின் அறையில் வைஃபை எட்டாததுதான். ஃபைபர் போட வந்தவர், ஃபைபர் ஒயர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியை வாசல் சுவரிலோ கராஜிலோ மாட்டிவிட்டுப் போயிருப்பார். நடுவில் நாலு செங்கல் சுவர். லேப்டாப்பை ஒயர் மூலம் ரௌட்டரில் நேராகச் செருகி வேகத்தைப் பாருங்கள். அங்கே முழு வேகம் வந்தால் பேக்கேஜில் குறையில்லை. கேட்6 ஒயர் ஒன்றைப் பின் அறைவரை இழுத்து, அலமாரியில் கிடக்கும் பழைய ரௌட்டரை அங்கே வைத்தால் போதும். அதற்கு முன் பழையதில் டிஎச்சிபி-யை (போன்களுக்கு முகவரி ஒதுக்கும் வசதி) அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 போல, முதல் ரௌட்டரோடு மோதாத எண்ணாக மாற்றுங்கள். ஒயரை வான் (WAN) ஓட்டையில் செருகாமல் லேன் (LAN) ஓட்டையில் செருக வேண்டும். டிஎச்சிபி அணையாமல் விட்டால் போன்கள் வைஃபையில் இருப்பதாகக் காட்டும், நெட் மட்டும் வராது. ஒருமுறைச் செலவு, மாதா மாதம் மிச்சம்.

அடுத்து ஐஎஸ்பி, அதாவது நெட் சேவை விற்கும் நிறுவனம். தெருவில் ஒயர் போட்டது ஓப்பன்சர்வ், வூமாடெல் போன்ற நிறுவனம். பில் அனுப்புவது வேறொரு ஐஎஸ்பி. ஒரே ஒயரில் ஐஎஸ்பி-க்கு ஐஎஸ்பி விலை மாறும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. மாறும்போது பெரும்பாலும் ஒரு முழு மாத நோட்டீஸ் கேட்பார்கள், அதனால் மாதக் கடைசிக்குள் மெயில் போய்விட வேண்டும். புதியவரிடம் 'புது கனெக்‌ஷன்' என்று சொல்லிவிடாதீர்கள். 'இருக்கிற லைனில் ஐஎஸ்பி மாற்றம்' என்று சொல்லி, ஓஎன்டி அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைக் கொடுங்கள். இல்லையென்றால் இன்ஸ்டலேஷன் கட்டணமும் சேர்ந்து வரும். 'இலவச' ரௌட்டரும் இலவச இன்ஸ்டலேஷனும் வாங்கியவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். மெயில் போடும் முன் இதையும் படித்துப் பாருங்கள்.

உண்மையான ஓட்டை போன் கான்ட்ராக்ட்தான். 24 அல்லது 36 மாதம் முடிந்ததும் அது தானாக நிற்காது. மாதத்துக்கு மாதம் நீளும். கைபேசியின் விலை கட்டி முடிந்த பிறகும் அதே தொகை பிடித்தமாகும் திட்டங்கள் உண்டு. அது இல்லாமல், வீட்டில் ஃபைபர் வந்தபின் அந்தப் பெரிய டேட்டா யாருக்கு? 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, காலம் முடியும் முன்பே 20 வேலைநாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து விலகலாம். நியாயமான அபராதமும் கைபேசிப் பாக்கியும் கட்ட வேண்டிவரும். முடியும் தேதியை, 40 முதல் 80 வேலைநாள் முன்பே போன் நிறுவனம்தான் தெரிவிக்க வேண்டும். அந்த எஸ்எம்எஸ் விளம்பரங்களுக்கு நடுவில் புதைந்துபோவது வேறு விஷயம். நம்பரை ப்ரீபெய்டுக்கு போர்ட் செய்தாலே கான்ட்ராக்ட் ரத்தாகிவிட்டது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகாது. வங்கியில் டெபிட் ஆர்டரை மட்டும் நிறுத்தினாலும் ஆகாது. கடன் ஓடிக்கொண்டே இருக்கும், கிரெடிட் ரிக்கார்டில் ஏறும்.

ப்ரீபெய்டுக்குப் போகத் தயங்குகிறவர்களுக்கு: 2019 முதல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இக்காசாவின் விதிப்படி, வாங்கிய டேட்டா பேக் (பண்டில்) தீர்ந்த பின், நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் பண்டில் தாண்டிய விலையில் டேட்டா ஓடக்கூடாது. மிச்ச டேட்டாவை நீட்டிக்கவும் அதே நெட்வொர்க்கில் இன்னொருவருக்கு மாற்றவும் வழி தர வேண்டும். ஏர்டைம் மட்டும் காரணமில்லாமல் கரைந்தால், ரிங்டோன், கேம் என்று ஏதோ ஒரு தினசரிச் சந்தா ஒட்டியிருக்கும். அது அனுப்பிய எஸ்எம்எஸ்-க்கு ஆங்கிலத்தில் 'ஸ்டாப்' என்று பதில் அனுப்புங்கள்.

டிஎஸ்டிவி பிரீமியம் 900 ரேண்டைத் தாண்டிவிட்டது. நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் பிவிஆர் டிகோடர் இருந்தால் அக்சஸ் ஃபீ தனி. ஒரு சந்தாவைப் பிள்ளைகள் வீடு வீடாக ஆப்பில் பார்த்த வசதியும் 2022 மார்ச்சோடு போயிற்று, ஒரு நேரத்தில் ஒரு ஸ்ட்ரீம்தான் என்று அப்போது கட்டுப்படுத்திவிட்டார்கள். கிரிக்கெட் பைத்தியம் உள்ள வீட்டில் டிஎஸ்டிவியின் சூப்பர்ஸ்போர்ட் சேனல்களுக்கு மாற்று இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மேட்ச் இல்லாத மாதங்களில் கீழ்ப் பேக்கேஜுக்கு இறக்கிவிட்டு, சீசனில் ஏற்றிக்கொள்ளலாம். பில் தேதிக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். எஸ்ஏபிசி, ஈடிவி (e.tv) போன்ற உள்ளூர் இலவசச் சேனல்கள் மட்டும் போதுமென்றால் ஓப்பன்வியூ என்ற சாட்டிலைட் சேவையின் டிகோடர் ஒருமுறை வாங்கினால் முடிந்தது, மாதச் சந்தா இல்லை.

கரண்ட் போகும்போது நெட்டுக்காக மட்டும் மொபைல் டேட்டா வாங்குகிறவர்கள் ஒரு மினி யுபிஎஸ் வாங்கலாம். 8800 எம்ஏஎச் என்று போட்டிருப்பது 3.7 வோல்ட் கணக்கில், அதாவது சுமார் 32 வாட்-அவர். ஓஎன்டியும் ரௌட்டரும் சேர்ந்து 13 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. ரௌட்டர் அடாப்டரில் 12 வோல்ட் 2 ஆம்ப் என்றிருந்து யுபிஎஸ் 1 ஆம்ப் மட்டும் கொடுத்தால் ரௌட்டர் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும், வாங்கும்போதே அடாப்டரைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

டிஎஸ்டிவியை நிறுத்தினால் டிவி லைசென்ஸும் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். வருடம் 265 ரேண்ட் என்பது டிவி பெட்டி வைத்திருப்பதற்கு. எந்தச் சேனல் பார்க்கிறீர்கள் என்பது அதில் சேராது.