ஓய்ந்துபோன எண்ணெய் மேடை: கடலிலேயே விடுவதா, கரையில் உடைப்பதா?

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவருக்கும் திருவொற்றியூர்ப் பக்கம் காயலான் கடை நடத்துபவருக்கும் அக்கறை உள்ள சட்டக் கேள்வி ஒன்று உண்டு: எண்ணெய் வற்றிய பிறகு கடலில் நிற்கும் மேடையை யார், எந்த அளவுக்கு அகற்ற வேண்டும்?

கரையை ஒட்டிய கடலடி நிலம் பற்றிய 1958ஆம் ஆண்டின் ஜெனீவா கண்டத்திட்டு உடன்படிக்கை, கைவிடப்பட்ட மேடை முழுவதும் அகற்றப்பட வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, தனது 60ஆவது பிரிவில் அந்தக் கண்டிப்பைத் தளர்த்தியது. கப்பல் போக்குவரத்தின் பாதுகாப்புக்காக அகற்ற வேண்டும், மீன்பிடித் தொழிலையும் கடல் சூழலையும் கருத்தில் கொள்ள வேண்டும், எதையேனும் விட்டுவைத்தால் அதன் இடத்தையும் ஆழத்தையும் அறிவிக்க வேண்டும் என்றது. எவ்வளவு விட்டுவைக்கலாம் என்பதில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1989இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் முதல் வழி. 75 மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் நிற்பதும், மேல்தளம் நீங்கலாக 4,000 டன்னுக்குக் குறைவான எடை கொண்டதுமான மேடையை முழுதாக எடுத்துவிட வேண்டும். 1998 ஜனவரி 1 முதல் நிறுவப்பட்டவற்றுக்கு அந்த ஆழம் 100 மீட்டர். அதைவிடப் பெரியவற்றின் அடிப்பகுதியை, மேலே 55 மீட்டர் தண்ணீர் தடையின்றி இருக்குமாறு வெட்டி விட்டுவிடலாம். செலவு மிக அதிகம் என்றோ தொழிலாளர் உயிருக்கு ஆபத்து என்றோ காட்டினால் சிறிய மேடைக்கும் விலக்கு கிடைக்கக்கூடும். அதை முடிவு செய்வது கடலோர நாடு.

இரண்டாவது, வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆஸ்பார் அமைப்பு 1998இல் எடுத்த முடிவு. 1995இல் ஷெல் நிறுவனம் 'பிரென்ட் ஸ்பார்' என்ற எண்ணெய்ச் சேமிப்பு மிதவையை ஆழ்கடலில் மூழ்கடிக்க முயன்று, கிரீன்பீஸ் போராட்டத்தாலும் ஜெர்மனியில் எழுந்த புறக்கணிப்பாலும் பின்வாங்கியது. அந்த மிதவை பின்னர் நார்வேயில் வெட்டப்பட்டு ஒரு துறைமுக மேடைக்கு அடித்தளமானது. அந்தச் சூட்டோடு வந்த இந்த முடிவு, கடலில் விடுவதையே தடை செய்கிறது. 1999 பிப்ரவரி 9க்கு முன் நிறுவப்பட்ட, 10,000 டன்னுக்கு மேற்பட்ட இரும்புச் சட்டகங்களின் அடிப்பகுதி, கான்கிரீட் கட்டமைப்புகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு கோரலாம்.

55 மீட்டர் என்பது கப்பலின் அடிப்பகுதியை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. கப்பல் தாராளமாகக் கடந்துபோகும். தரையை உரசிக்கொண்டு வரும் இழுவலையோ வெட்டி விட்ட இரும்புக்காலில் மாட்டிக் கிழியும். நீந்தி வரும் மீன்கள் அந்த இரும்பில் கூடும் என்பதும் உண்மைதான். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாப் பகுதியில் 500க்கும் மேற்பட்ட மேடைகள் அப்படிச் செயற்கைப் பார்களாக, அதாவது மீன் கூடும் கடலடித் திட்டுகளாக, விடப்பட்டிருக்கின்றன. ஃபைபர் படகில் தூண்டில் போடுபவருக்குப் பார் லாபம், இழுவலைக்காரருக்கு நட்டம். இருவரும் ஒரே குப்பத்தில் இருக்கும் கரைக்கு ஆஸ்பார் வழியே பொருந்தும் என்பேன். 2017இல் எண்ணூரில் கப்பல்கள் மோதிப் பரவிய எண்ணெயை வாளியில் அள்ளிய கரைக்கு, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற சலுகையை நம்புவது கடினம்.

ஆனால் அகற்றிய இரும்பு கரைக்குத்தான் வரும். இங்கே நச்சுக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவது பற்றிய பாசல், கப்பலை உடைப்பது பற்றிய ஹாங்காங் என்று இரண்டு உடன்படிக்கைகள் போட்டியிடுகின்றன. 1989ஆம் ஆண்டின் பாசல் உடன்படிக்கைப்படி, நச்சுக் கழிவை அனுப்பும் நாடு பெறும் நாட்டின் எழுத்துபூர்வமான முன்சம்மதத்தைப் பெற வேண்டும். காகிதத்தில் இது வலுவானது. ஆனால் கப்பலை உடைக்கப்போகும் நோக்கத்தை உரிமையாளர் கடைசி வரை மறைத்து, நடுக்கடலில் கைமாற்றிவிட்டால், எது எப்போது கழிவானது என்று நிறுவுவது பெரும்பாடு. 2009இல் உருவாகி 2025 ஜூன் 26இல்தான் நடைமுறைக்கு வந்த ஹாங்காங் உடன்படிக்கை அந்தச் சிக்கலுக்குள் போவதில்லை. கல்நார், பாதரசம் போன்றவை கப்பலில் எங்கெங்கே உள்ளன என்ற பட்டியல் அதன் ஆயுள் முழுவதும் உடன் இருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற தளத்தில்தான் உடைக்க வேண்டும் என்கிறது. 2019இல் இணைந்த இந்தியா, அதே ஆண்டில் கப்பல் மறுசுழற்சிச் சட்டமும் இயற்றியது. கேஸ் கட்டரோடு நிற்கும் தொழிலாளிக்கு, கைக்கு எட்டும் அந்தப் பட்டியலே அதிகம் பயன்படும்.

ஹாங்காங் உடன்படிக்கை, எண்ணெய்க்காகத் துளையிடும் ரிக்குகளில் மிதப்பவற்றையும், கால்களை இறக்கி நிற்பவற்றையும் கப்பலாகவே கொள்கிறது. கடல் தரையில் அறையப்பட்ட நிலையான மேடை அதற்குள் வராது. அந்த மேடை நம் கடலிலேயே வெட்டப்பட்டு நம் கரைக்கே வந்தால், நாட்டு எல்லையைக் கடக்காததால் பாசலும் பொருந்தாது. மிஞ்சுவது 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் போன்ற உள்நாட்டு விதிகளே. கப்பலுக்குக் கேட்கும் அதே பட்டியலை நிலையான மேடைக்கும் கட்டாயமாக்க, அந்த விதிகளில் திருத்தம் வர வேண்டும்.