கடிதம் எழுதுபவர் ஒருவர், கதவைத் திறப்பவர் இன்னொருவர்

"வர மாட்டேன்" என்கிற நோயாளியை மனநலப் பிரிவுக்குக் கட்டாயமாக அனுப்பும் டாக்டருக்கு, "கடிதம் கொடுத்தாயிற்று, சேர்த்துக்கொள்வார்கள்" என்ற நினைப்பு இருக்கும். அது எவ்வளவு பலிக்கும் என்பது நாட்டுக்கு நாடு வேறு.

இங்கிலாந்தின் 1983 மனநலச் சட்டப்படி வழக்கமாக இரண்டு டாக்டர்கள் பரிந்துரைக்க வேண்டும். ஆனால் சேர்க்கச் சொல்லும் விண்ணப்பம் பெரும்பாலும் மருத்துவரல்லாத மனநல அலுவலரின் கையில். இரண்டு டாக்டர்களும் சரி என்றாலும் அவர் மறுக்கலாம். அந்தச் சட்டத்தின் பிரிவு 2 மதிப்பீட்டுக்காக, 28 நாள் வரை வைத்திருக்கலாம். பிரிவு 3 சிகிச்சைக்காக, முதலில் 6 மாதம் வரை.

நார்வேயில் வெளியிலிருந்து ஒரே ஒரு டாக்டர் பார்த்து எழுதினால் போதும். முடிவு மருத்துவமனை நிபுணருடையது. 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். என் ஓட்டு இதற்குத்தான். அனுப்பியவரே தீர்ப்பும் சொல்வதில்லை.

இத்தாலியின் 1978 சட்டம் தனி ரகம்: 'ஆபத்தானவரா' என்றே கேட்பதில்லை. அவசர சிகிச்சை தேவையா, நோயாளி மறுக்கிறாரா, வெளியில் வைத்துப் பார்க்க வழியில்லையா, இவ்வளவுதான். உத்தரவு போடுவது ஊர் மேயர் (ஆமாம், மேயர்தான்!). நீதிபதி அதை உறுதிசெய்ய வேண்டும். ஒரு தடவைக்கு 7 நாள்.

இந்தியாவின் 2017 மனநலச் சட்டம், பிரிவு 89, நேர் எதிர். தனக்கே தீங்கு செய்யும் முயற்சி அல்லது மிரட்டல், பிறர்மீது வன்முறை, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்று அண்மையில் நடந்ததைக் கேட்கிறது. 30 நாள் வரை.

எந்தச் சட்டமானாலும் சிக்கல் ஒரே இடத்தில்தான். இரவு இரண்டு மணிக்கு வீட்டில் கத்தியவர், காலையில் மருத்துவமனையில் அமைதியாகக் காபி கேட்பார். அவரைப் பார்க்கும் நிபுணருக்கு அந்த இரவு தெரியாது. கடிதம்தான் சொல்லியாக வேண்டும். "மனச்சிதைவு, வன்முறை அபாயம்" என்ற ஒற்றை வரியை வைத்து அவர் என்ன செய்வார்? "நான்கு நாளாகச் சாப்பிடவில்லை, குழாய்த் தண்ணீரில் விஷம் என்கிறார், நேற்று கேஸைத் திறந்துவிட்டதைத் தங்கை பார்த்தார்" என்று எழுதினால் பிடி கிடைக்கும். தங்கையின் போன் எண்ணும் இருந்தால் இன்னும் நல்லது.

பல கடிதங்களில் விட்டுப்போவது இன்னொன்று: அனுப்பியது எதற்கு? பாதுகாப்புக்கா, நோயைக் கண்டறியவா, நிறுத்திய மருந்தைத் திரும்பத் தொடங்கவா? இங்கிலாந்தில் பிரிவு 2-ஆ 3-ஆ என்பதே இந்தப் பதிலைப் பொறுத்தது.